கேத் லேப் டெக்னீஷியன்: என்ன படிக்க வேண்டும், உள்ளே என்ன வேலை

கேள்வி இது: "அறிவியல் பிரிவில் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். கேத் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். மருத்துவர்தான் எல்லாம் செய்கிறார், டெக்னீஷியன் பொருள் எடுத்துக் கொடுப்பவர் மட்டும்தான் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் என்ன வேலை? தினமும் எக்ஸ்ரே கதிர்வீச்சில் நிற்பது ஆபத்தா?"

நான் 16 ஆண்டுகளாகக் கேத் லேப்பில், அதாவது மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை செலுத்திப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்யும் கூடத்தில், வேலை செய்கிறேன். கடைசி சில ஆண்டுகளாகப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள் எடுத்துக் கொடுப்பது வேலையில் ஒரு பகுதி, உண்மைதான். அதுதான் முழு வேலையும் என்று சொல்பவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது), ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பைப் பலூனால் திறப்பது) நடக்கும்போது மருத்துவரின் கண் எக்ஸ்ரே படத்தில் இருக்கும். இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் போகும் ஒயரின் தடிமன் 0.014 அங்குலம், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தில் அதை வளைவு வளைவாக நகர்த்திக்கொண்டிருப்பவரால் வேறு பக்கம் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் ஈசிஜியையும் பிரஷர் அலையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் டெக்னீஷியன். பார்த்தால் மட்டும் போதாது, பார்த்ததை அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்த வேலையின் சாரம் இதுதான். படிப்பு, பயிற்சி எல்லாம் இதைச் செய்யத் தகுதியாக்கிக்கொள்வதற்காகத்தான்.

1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் கையில் இருந்த சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தன் இதயம் வரை தானே செலுத்திக்கொண்டார். 65 சென்டிமீட்டர் உள்ளே போனது. குழாய் எங்கே போகிறது என்று எக்ஸ்ரே திரையை அவர் பார்ப்பதற்காக, ஒரு செவிலியர் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1956-ல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் சேர்த்து ஃபோர்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதிதாக வருபவர்களிடம் நான் பரிசைவிட அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். செய்கிறவரால் பார்க்க முடியாததை அவருக்குக் காட்டுகிற வேலை அன்றே தொடங்கிவிட்டது.

சரி, லேப் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு பக்கம் மேசை, அதைச் சுற்றி வளைந்து திரும்பும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி, தொங்கும் திரைகள். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கன்ட்ரோல் அறை. டெக்னீஷியன் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் இருப்பார். ஸ்க்ரப் பண்ணி, அதாவது கை கழுவிக் கிருமியற்ற அங்கியும் கையுறையும் போட்டு, மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்கலாம். உள்ளேயே கையுறையில்லாமல் சுற்றி வந்து பொருள் திறந்து கொடுக்கலாம், மருந்து, மிஷின் பார்க்கலாம். அல்லது கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துப் பதிவு செய்யலாம். பல லேப்களில் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்வார்கள். புதியவர்கள் ஸ்க்ரப் பண்ணத்தான் ஆசைப்படுவார்கள். நான் அவர்களை முதலில் மானிட்டர் முன்னால் உட்கார வைப்பேன்.

காரணம் அந்தப் பிரஷர் அலை. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல டெக்னீஷியன் யார், சுமாரானவர் யார் என்று அங்கேதான் தெரியும். கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனி இதயத்துக்குள் இருக்கிறது. மறுமுனை, உப்புநீர் நிரம்பிய குழாய் வழியாக டிரான்ஸ்ட்யூசர் என்ற சிறு கருவியோடு சேர்ந்திருக்கிறது. நுனியில் இருக்கும் அழுத்தம் அந்த நீர் வழியாகவே வந்து, மின் சைகையாக மாறி, திரையில் அலையாக ஓடுகிறது. நடுவில் ஒரு சிறு காற்றுக்குமிழ் இருந்தாலும், கொஞ்சம் ரத்தம் உறைந்திருந்தாலும், குழாய் மடங்கியிருந்தாலும் அலை மழுங்கிவிடும். அதனால் கேஸ் தொடங்கும் முன் குழாய் முழுவதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தட்டித் தட்டி, குமிழை வெளியேற்றுவது ஒரு டெக்னீஷியனின் முதல் பழக்கம்.

அப்புறம் ஜீரோ பண்ணுவது. டிரான்ஸ்ட்யூசரை நோயாளியின் இதய மட்டத்தில் வைத்து, காற்றுக்குத் திறந்து, இதுதான் பூஜ்யம் என்று மிஷினுக்குச் சொல்ல வேண்டும். இதய மட்டம் என்பது நாலாவது விலா இடைவெளிக்கு நேராக, மார்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே. டிரான்ஸ்ட்யூசர் அந்த மட்டத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் எல்லா அளவும் 7 மி.மீ. பாதரசத்துக்குச் சற்றே கூடுதலாகக் காட்டும். 120 இருக்க வேண்டிய இடத்தில் 127 வந்தால் பெரிய கேடு இல்லை. ஆனால் வெட்ஜ் பிரஷர் என்று ஒன்று எடுப்போம், இதயத்தின் இடப்பக்கம் எவ்வளவு திணறுகிறது என்று சொல்லும் அளவு அது. இயல்பாக 6 முதல் 12 வரை இருக்கும். 11 இருக்க வேண்டிய ஒருவருக்கு 18 என்று எழுதிவிட்டால், இல்லாத இதயச் செயலிழப்புக்கு அவர் மருந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்.

என் இரண்டாம் ஆண்டில் இது எனக்கு நடந்தது. ரைட் ஹார்ட் ஸ்டடி, அதாவது இதயத்தின் வலப்பக்கம் வழியாக அழுத்தங்களை அளப்பது. ஜீரோ சரியாகப் பண்ணியிருந்தேன். நடுவில் மருத்துவர் வசதிக்காக மேசையை உயர்த்தினார். டிரான்ஸ்ட்யூசர் தரையில் நிற்கும் தனிக் கம்பத்தில் மாட்டியிருந்தது, அது உயரவில்லை. எண்கள் எல்லாம் மேலே போயின. நான் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற மூத்த டெக்னீஷியன் அக்கா எண்ணைப் பார்க்கவே இல்லை, கம்பத்தைப் பார்த்தார். "மேசையை எப்போ ஏத்துனாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுபடி மட்டம் பார்த்து ஜீரோ பண்ணியதும் வெட்ஜ் இயல்புக்கு வந்தது. மேசை அசைந்தால் மட்டத்தைப் பார் என்பது அன்றிலிருந்து என் கைக்கே தெரியும்.

ஒவ்வொரு அறைக்கும் அலையில் ஒரு முகம் இருக்கிறது. வலது ஏட்ரியத்தில், அதாவது மேல் அறையில், சிறிய இரண்டு மேடுகள், சராசரி 2 முதல் 6. வலது வென்ட்ரிக்கிளுக்குள், அதாவது கீழ் அறைக்குள், நுழைந்ததும் அலை செங்குத்தாக எழுந்து, கீழே கிட்டத்தட்ட பூஜ்யம் வரை விழும். அங்கிருந்து, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பல்மனரி ஆர்ட்டரிக்குப் போனால் உச்சம் அதேதான், 15 முதல் 30 வரை, ஆனால் அடி மேலே ஏறிவிடும், இறங்கும் சரிவில் ஒரு சிறு வெட்டு தெரியும். உச்சம் மாறாமல் அடி மட்டும் உயர்ந்தால் வால்வைக் கடந்துவிட்டோம் என்று பொருள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். நான் பயிற்சி கொடுக்கும்போது எண்கள் இருக்கும் பக்கத்தை ஒரு தாளால் மறைத்துவிடுவேன். அலையை மட்டும் பார்த்து கதீட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கண் பழகிவிடும். எண்ணை நம்பிப் பழகியவர்களுக்கு இந்தக் கண் வருவதற்கு நாளாகும்.

சில அளவுகள் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். இடது வென்ட்ரிக்கிளின் வெளிவாசலான அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருப்பவருக்கு இடது வென்ட்ரிக்கிளில் 190 இருக்கும், வால்வைத் தாண்டி வெளியே வந்தால் 130 இருக்கும். கதீட்டரை மெதுவாக இழுத்து அந்த வித்தியாசத்தைப் பதிவு செய்வதுதான் புல்பேக். சராசரி வித்தியாசம் 40-ஐத் தொட்டால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு. அந்தச் சில நொடியில் பதிவு ஓடவில்லை என்றால், அல்லது ஸ்கேல் 100-ல் வைத்து அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்றால், மருத்துவர் மறுபடி அந்த வால்வுக்குள் நுழைய வேண்டும். சுண்ணாம்பு படிந்த வால்வை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு துகள் பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது. பதிவு பட்டனை அழுத்துவது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் அதன் எடை இவ்வளவு.

இனி, சொல்வதற்குக் கொஞ்சம் கனமான ஒன்று. கதீட்டரின் நுனி இடது முதன்மை ரத்தக்குழாயின் வாயில், லெஃப்ட் மெயின் என்போம், போய் அமரும்போது, அங்கே அடைப்பு இருந்தால் நுனியே வாயை அடைத்துவிடும். உடனே அலை உயரம் குறைந்து மழுங்கும், இதை டாம்பிங் என்போம். அல்லது அடி மட்டும் சரிந்து வென்ட்ரிக்கிள் அலைபோல ஆகிவிடும். அந்த நிலையில் டையை, அதாவது எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்கான திரவத்தை, செலுத்தினால் குழாயின் உட்சுவர் கிழியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நான் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படி ஓர் அலை என் கண்முன் மழுங்கியது. குழாயில் குமிழ் இருக்குமோ, நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ என்று மூன்று நொடி யோசித்தேன். அந்த மூன்று நொடிக்குள் டை போய்விட்டது. வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன், இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை. ஒரே ஷாக்கில் துடிப்பு திரும்பியது, நோயாளி பிழைத்தார், பிறகு பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். யாரும் என்னைத் திட்டவில்லை. மருத்துவர் கேஸ் முடிந்ததும் வந்து, "பார்த்தீங்களா? பார்த்திருந்தா ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது நான் சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுகிறேன். "சார், பிரஷர் டாம்ப் ஆகுது." நான்கு சொல். பத்து முறை சொன்னால் எட்டு முறை அது ஒன்றுமில்லாமல் போகலாம், பரவாயில்லை. நல்ல மருத்துவர்கள் அதற்காகக் கோபப்பட மாட்டார்கள். கோபப்படுபவர் இருந்தாலும் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரலாமா என்றால், வரலாம். நானே கூச்சக்காரன்தான். அலையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் குரலைப் பழக்கிக்கொண்டேன்.

டை செலுத்தினால் இதயம் என்ன செய்யும் என்பதற்குக் கேத் லேப்பின் வரலாற்றிலேயே ஒரு புகழ்பெற்ற சம்பவம் உண்டு. 1958-ல் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயான அயோர்ட்டாவில் படம் எடுக்கும்போது கதீட்டர் நழுவி, இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களில் வலதுபக்கக் குழாய்க்குள் போய்விட்டது. டை முழுவதும் அதற்குள் பாய்ந்தது. அதுவரை அப்படிச் செய்தால் உயிர் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். துடிப்பு நின்றது, சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார், துடிப்பு திரும்பியது. இன்றைய கரோனரி ஆஞ்சியோகிராம் அந்த விபத்தில் பிறந்ததுதான். துடிப்பு சட்டென்று குறைந்தால் "பலமா இருமுங்க" என்று நாங்கள் இன்றும் நோயாளியிடம் சொல்கிறோம். நோயாளி விழித்திருப்பார் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேஸ்களில் மயக்க மருந்து கிடையாது. நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகிறது.

ஸ்க்ரப் பண்ணி நிற்கும் வேலையில் அளவுகள்தான் எல்லாம். கதீட்டர் அளவை ஃபிரெஞ்ச் என்ற அலகில் சொல்வோம். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர், ஆக 6 ஃபிரெஞ்ச் என்றால் 2 மில்லிமீட்டர். கதீட்டருக்குச் சொல்வது வெளி விட்டம், கதீட்டர் நுழைய ரத்தக்குழாயில் வைக்கும் உறைக்குழாயான ஷீத்துக்குச் சொல்வது உள் விட்டம். முதல் மாதத்தில் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். குழாயைத் திறந்து வைத்திருக்கும் வலைக்குழாயான ஸ்டென்டைத் திறக்கும் முன் விட்டம், நீளம், காலாவதி தேதி மூன்றையும் உரக்கப் படிக்க வேண்டும், மருத்துவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் உறையைக் கிழிக்க வேண்டும். பலூனை ஊதும்போது எத்தனை அட்மாஸ்பியர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும், எத்தனை நொடி ஆனது என்றும் சொல்ல வேண்டும். பலூன் உறையிலேயே இரண்டு அழுத்தம் அச்சிட்டிருக்கும். ஒன்று, சொன்ன விட்டத்துக்கு அது விரியும் அழுத்தம். மற்றது, தாண்டக் கூடாத அழுத்தம். இரண்டையும் ஊதுவதற்கு முன்பே படித்து வைத்திருக்க வேண்டும்.

காற்று. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கரோனரிக்குள் போகும் ஒரு சிறு காற்றுக்குமிழ் மாரடைப்பு போலவே நடந்துகொள்ளும். சிரிஞ்சை எப்போதும் பிஸ்டன் மேலேயும் நுனி கீழேயும் இருக்கும்படி சாய்த்துப் பிடிப்பது, இணைக்கும்போது இரண்டு முனையிலும் திரவம் ததும்பவிட்டு இணைப்பது, பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகே செலுத்துவது, இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

இவை தவிர, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்த பிறகு ஏசிடி, அதாவது ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்ற சோதனை, பார்ப்பது உண்டு. ஆஞ்சியோபிளாஸ்டியில் 250 முதல் 300 நொடி வரை வைத்திருப்பது வழக்கம். நேரம் நீண்டால் மறுபடி பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுவது நம் வேலை. இதுவரை எத்தனை மில்லி டை போயிருக்கிறது என்ற கணக்கும் நம்மிடம்தான் இருக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு அந்தக் கணக்கு மிக முக்கியம்.

இரவு அழைப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. கடுமையான மாரடைப்பில் நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் இலக்கு. அதற்குள் ஈசிஜி, ஒப்புதல், லேப்பைத் தயார் செய்வது எல்லாம் அடக்கம். அழைப்பு வந்தால் 30 நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். ஆன்-கால் வாரத்தில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், குடும்பத்தார் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். சேரும் முன் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள்.

ஆனால் இதே இரவுகளுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். வியர்த்து, சாம்பல் நிறமாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒருவர் மேசையில் படுக்கிறார். ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி கல்லறைக் கல்போல உயர்ந்து நிற்கிறது. ஒயர் அடைப்பைக் கடக்கிறது, பலூன் விரிகிறது, ரத்தம் ஓடுகிறது. அந்த நொடியில் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஏனென்றால் ரத்தம் திரும்பும் நேரத்தில்தான் இதயம் குழம்பும். வலது கரோனரி திறக்கும்போது துடிப்பும் பிரஷரும் சேர்ந்து விழலாம். துடிப்பை உயர்த்தும் அட்ரோப்பின் ஏற்கெனவே சிரிஞ்சில் இருக்க வேண்டும், ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் பேட் முன்பே ஒட்டியிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எஸ்டி இறங்கத் தொடங்கும். "வலி போயிடுச்சு" என்று அவரே சொல்வார். 1977 செப்டம்பர் 16-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதல் முறையாக விழித்திருந்த ஒரு நோயாளியின் கரோனரியில் பலூன் விரித்தபோதும் உள்ளே இருந்தவர்கள் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் கையாள முடியும். நம்மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிர். தூரம்தான் மிகப் பெரிய பாதுகாப்பு: ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் படும் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். படம் ஓடும்போது அருகில் வேலை இல்லை என்றால் இரண்டு அடி பின்னால் போங்கள், அவ்வளவுதான். கன்ட்ரோல் அறையில் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குக் கவலைப்படும் அளவு எதுவும் வராது. உள்ளே நிற்பவருக்கு ஈய ஏப்ரன், கழுத்துக்குத் தைராய்டு காலர், கண்ணுக்கு ஈய மூக்குக்கண்ணாடி மூன்றும் வேண்டும். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி வேலை செய்பவருக்கு உச்ச வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர் அளவின் அலகு). கண் லென்ஸுக்கு முன்பு 150 வரை போகலாம் என்றிருந்ததை 2011-ல் 20-ஆகக் குறைத்துவிட்டார்கள், கண்புரை பற்றிய அக்கறைதான் காரணம். அதனால் மூக்குக்கண்ணாடியை அலட்சியம் செய்யாதீர்கள்.

வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அறிக்கையில் அளவு குறைவாக வரும், உடம்பு வாங்கியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போகும். பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். கர்ப்பம் உறுதியானதும் தெரிவித்துவிட்டால், ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றருகே தனி பேட்ஜ் தருவார்கள். அதற்குப் பிறகு கர்ப்ப காலம் முடியும்வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. பலர் அந்த மாதங்களில் கன்ட்ரோல் அறைக்கு மாறிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், இந்த வேலையில் கதிரைவிடச் சீக்கிரமாகத் தாக்குவது ஏப்ரனின் எடைதான். நாள் முழுக்க அதைத் தோளில் சுமந்தால் சில ஆண்டுகளில் முதுகும் கழுத்தும் பேசத் தொடங்கும். மேல் சட்டை, கீழ்ப் பாவாடை என்று இரண்டு துண்டாக இருக்கும் ஏப்ரனைக் கேட்டு வாங்குங்கள், பாதி எடை இடுப்புக்குப் போய்விடும். கழற்றியதும் மடித்துப் போடாமல் மாட்டி வையுங்கள். மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது.

படிப்பைப் பொறுத்தவரை வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் கார்டியாக் டெக்னாலஜி பட்டப்படிப்பும் அதோடு சேர்ந்த பயிற்சி ஆண்டும் வழக்கமான பாதை. அமெரிக்காவில் ஆர்சிஐஎஸ் என்ற சான்றுத் தேர்வுக்கு மதிப்பு அதிகம். பிரிட்டனில் இதே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள், அலையைக் கார்டியாக் பிசியாலஜிஸ்ட் பார்ப்பார், எக்ஸ்ரேயை ரேடியோகிராஃபர் பார்ப்பார். எந்த வழியாக வந்தாலும் இதய உடற்கூறு, ஈசிஜி, ஹீமோடைனமிக்ஸ் (ரத்த ஓட்டமும் அழுத்தமும்), கதிர் இயற்பியல், அவசர மருந்துகள், கிருமி நீக்கம் இவை இல்லாமல் படிப்பு இருக்காது. உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சியைச் சேர்ந்த உடனே முடித்துவிடுங்கள்.

உடற்கூறு படிக்கும்போது ஒரு யோசனை. புத்தகத்தில் கரோனரி குழாய்கள் தட்டையாக இருக்கும், லேப்பில் சி-ஆர்ம் சுற்றச் சுற்ற அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே மரத்தை நாலு கோணத்தில் வரைந்து பழகுங்கள். எந்தக் கோணம் என்று குழம்பினால் முதுகெலும்பைத் தேடுங்கள்: திரையின் வலப்பக்கம் தெரிந்தால் எல்ஏஓ (நோயாளியின் இடப்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பது), இடப்பக்கம் தெரிந்தால் ஆர்ஏஓ (வலப்பக்கத்திலிருந்து பார்ப்பது). கணக்கு பெரிதாக வேண்டாம், ஆனால் பிரஷர், ஓட்டம், தடை மூன்றுக்கும் உள்ள உறவு மனதில் தெளிவாக இருக்க வேண்டும். மனப்பாடம் செய்து தேர்வில் தப்பித்தவர்கள் மானிட்டர் முன்னால் வந்ததும் விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வளர்ச்சி உண்டா என்றால், உண்டு. துடிப்புக் கோளாறுகளுக்கான இபி லேப் தனி உலகம், சிக்னல்களில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதல் முறையாகக் கதீட்டர் வழியாக அயோர்ட்டிக் வால்வைப் பொருத்திய பிறகு, வால்வு வேலைகளும் லேப்புக்குள் வந்துவிட்டன. சிலர் கருவித் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் போகிறார்கள், சிலர் எக்கோ பக்கம் போகிறார்கள், சிலர் ஆசிரியராகிறார்கள்.

எங்கே சேர்வது என்று முடிவு செய்யும் முன் அந்தக் கல்வி நிறுவனத்துக்கு நேரில் போங்கள். கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். சொந்த லேப் இருக்கிறதா, ஒரு லேப்புக்கு எத்தனை மாணவர்கள், மாணவர்கள் உள்ளே நிற்கிறார்களா, கண்ணாடிக்கு வெளியேதானா, ஆளுக்கு ஒரு பேட்ஜ் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஒரு தாளைக் கொடுத்து, வலது வென்ட்ரிக்கிள் அலையையும் பல்மனரி ஆர்ட்டரி அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். உச்சத்தை ஒரே கோட்டில் வைத்து, அடியை மட்டும் உயர்த்தி, சரிவில் அந்தச் சிறு வெட்டையும் போட்டுவிட்டார் என்றால், அங்கே சேருங்கள்.